இல்லை என்று நான் போட்ட டிக்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழைக்கு இருட்டிவிட்டு ஏமாற்றியது. அம்பத்தூரில் பஸ் ஏறி வேலப்பன்சாவடி லேப் வரை ஒற்றைக்காலில். திருவேற்காட்டில் ஒரு கூட்டம் இறங்கியது, இரண்டு கூட்டம் ஏறியது.

இன்றைய வேலை: சி-17. இருபது செல்.

பெஞ்சை இரண்டு முறை துடைக்க வேண்டும். கையுறை, அதன்மேல் இன்னொரு கையுறை, முகக்கவசம். பேசக்கூடாது. விரல் வேர்வையே ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். போன வாரம் கன்னத்தின் உட்புறத்தில் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தது, ஒரு சொட்டுத் திரவத்தில் மிதக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடைந்த அப்பளம் மாதிரி செல்கள். முடியளவுக்கு இழுத்த கண்ணாடிக் குழாயால் ஒன்றை உறிஞ்சி ஒரு டியூபில் விடுவது. ஒரு டியூபுக்கு ஒரு செல். தவறி இரண்டு விழுந்தால் அந்த டியூப் குப்பைக்கு.

பதினொன்றாவது செல்லில் கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்து பெஞ்ச் காவ்யா, பிஎச்.டி. மூன்றாம் வருடம்: "மூச்ச அடக்கு ஜோ. உன் எச்சில் தெறிச்சா எல்லா டியூப்லயும் உன் ஜாதகம்தான் வரும்."

சிரித்தேன். முகக்கவசம் ஒரு வசதி. சிரித்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அப்படி என்னதான் அளக்கிறாய் என்று நேற்று அம்மா கேட்டாள். சொன்னேன். செல்லுக்குள் இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் ஒரு துக்கடா ஆர்.என்.ஏ. வாயில் புற்று கிளம்பும் இடத்தில் அது கூடுகிறது என்கிறார்கள். லட்சம் செல்லை ஒன்றாக அரைத்து அளந்தால் கெட்டது நாலைந்து கூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக.

அம்மா: "அரிசில கல்லு பொறுக்கற வேல. அதுக்கு எம்.எஸ்சி.யா?"

நோயாளிகள் இருபது பேர். ஒப்பிட்டுப் பார்க்க, வாயில் கோளாறு இல்லாத, புகையிலை தொடாத பெண்கள் இருபது பேர். அவர்கள்தான் கன்ட்ரோல், சி வரிசை. ஷீட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

சி-17 யாரென்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா அத்தை. எங்கள் காலனி, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. இதே கட்டடத்தில் கான்ட்ராக்டில் தரை துடைக்கிறார். லேபில் எல்லோருக்கும் அவர் 'ஆயாம்மா'. எனக்கும்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. செருப்பு வார் தைக்க.

ஜூலை 9, புதன்

வெயில். லேப் ஏ.சி. பாதி வேலை செய்கிறது. மெஷினுக்கு மட்டும் குளிர், எங்களுக்கு இல்லை.

சி-17 முடிவு வந்தது. மெஷினில் கோடு எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறதோ அவ்வளவு அதிகம் அந்த ஆர்.என்.ஏ. இருபதில் பதினான்கு செல் ஒழுங்காக, மற்ற கன்ட்ரோல்களைப் போல, தாமதமாக ஏறியது. ஆறு செல் சீக்கிரமே. நோயாளிகளின் கோடுகளோடு போய் நின்றுகொண்டன.

செல்லே போடாத வெற்று டியூப் இரண்டும் சுத்தம். ஆக, என் எச்சிலும் இல்லை, என் ஜாதகமும் இல்லை.

நாளை மிச்சச் செல்களில் இன்னொரு இருபது எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

இந்த லேபுக்கு வந்த முதல் நாளை எழுதிவிட வேண்டும். எழுதாமலே எட்டு மாதம் ஓடிவிட்டது. காவ்யா என்னை அறைமுழுக்க அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். அத்தை மூலையில் மாப் பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தார். நான் ஃப்ரீஸர் பக்கம் திரும்பி, அதன் மேல் ஒட்டியிருந்த வெப்பநிலை அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று மதியமே, "கொஞ்சம் கால தூக்குங்க சார்" என்றார்.

அந்த அறிமுகத்துக்கு முந்தைய நிமிடம் காவ்யா கேட்டிருந்தாள், அம்பத்தூரில் எங்கே வீடு என்று. ஏதோ ஒரு நகர் பெயரைச் சொன்னேன். காலனி என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. அடுத்த கேள்விக்குப் பதில் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. காலனி என்றால் யார் இருப்பார்கள் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தையைத் தெரியும் என்றால் காலனியைத் தெரியும்.

இந்த ஊரின் மேல் எனக்கு இருக்கும் கோபம் நிஜம். ஆனால் அன்று ஃப்ரீஸர் பக்கம் திரும்பியது இந்த ஊர் அல்ல.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது ஓட்டம். இருபதில் ஏழு.

மேடத்திடம் காட்டினேன். பிராஜெக்ட் அவருடையது. கெட்டவர் இல்லை. என் பிறந்த நாளுக்கு கேக் வெட்ட வைத்தவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சராசரி எடுத்தியா?"

"எடுத்தேன் மேடம். நார்மலுக்குள்ளதான் வருது."

"அப்புறம் என்ன? சராசரிய ரிப்போர்ட் பண்ணு. கன்ட்ரோல் இருபது வேணும் ஜோசப். இந்த மாசக் கடைசில ரிப்போர்ட் போகணும்."

"ஒவ்வொரு செல்லா பாக்கறதுக்குத்தானே மேடம் இந்த பிராஜெக்டே?"

காவ்யா இருமினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கோபமில்லை, அலுப்பு.

"அவங்களுக்குச் சொல்லணுமா மேடம்?"

"யாருக்கு?"

"சி-17க்கு."

"என்னன்னு சொல்வே? இது ரிசர்ச். நோய் இருக்கா இல்லையான்னு சொல்ற டெஸ்ட் இல்ல. இந்த நம்பர வெச்சு ஒருத்தரப் பயமுறுத்தினா அது தப்பு."

சரிதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நம்பர் எதையும் நிரூபிக்காது. அந்த உண்மையைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். அயப்பாக்கம் வரை நிம்மதியாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மதியம் தூறல். பிப்பெட் நுனியில் செருகும் டிப்ஸ் பெட்டி வரவில்லை. வேலையும் ஓடவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே ஹவுஸ்கீப்பிங் பெண்கள் சாப்பிடும் இடம். தண்ணீர் பிடிக்கப் போனபோது காதில் விழுந்தது.

"இன்னாக்கா, வெறும் மோர்சோறு? ஊறுகா கூட இல்லாத?"

"எரியுதுடி வாயி. காரம் பட்டா நெருப்பு வெச்ச மாரி கீது."

"போயலய உடு, எல்லாம் சரியாப் பூடும்."

"அத உட்டா மூணு மாடி எவ தொடைப்பா? பசியில நாலு மணிக்குக் கண்ண கட்டும். உங்க மாமனா வந்து தொடைப்பான்?"

சிரிப்பு. எரியுது என்றது அத்தையின் குரல். பாட்டிலில் பாதி பிடித்துத் திரும்பிவிட்டேன்.

இரண்டு விஷயங்களை எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்று எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஒன்று. ஜூலை முதல் வாரம். கன்ட்ரோலுக்கு இன்னும் நான்கு பேர் குறைகிறார்கள். மேடம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் நான்கு பெண்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தன்னார்வலர்கள்! ஒப்புதல் படிவம் நான்கு பக்கம், ஆங்கிலம். காவ்யா கேள்வி கேட்டாள், நான் கட்டங்களில் டிக் போட்டேன்.

"ஆயாம்மா, பாக்கு, புகையிலை ஏதாவது போடுவீங்களா?"

அத்தை காவ்யாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இல்ல மேடம்."

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே முனைக்கடையில் அவருக்குப் புகையிலை வாங்கி வந்து கொடுத்தவன். மிச்சக் காசில் எனக்குத் தேன்மிட்டாய். அவர் இடது இடுப்பில் சுருக்குப்பை எங்கே தொங்கும் என்றுகூட எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று சொன்னால் அவரை எனக்குத் தெரியும் என்று ஆகும். 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

இரண்டு. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். வலது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பக்கம், வெள்ளையாக ஒரு திட்டு. கைவிரல் நகம் அளவு. காய்ந்த மைதாப் பசை ஒட்டியது போல. பிரஷ்ஷை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். நன்றாக இருந்த இடத்தில் தேய்த்தேன். அந்த நல்ல இடத்தில்தான் இருபதுக்கு ஆறு.

ஆக, மேடம் சொன்னதெல்லாம் நம்பரைப் பற்றி. எனக்கு நம்பர் தேவையே இல்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம், மின்விசிறி குறைவு. முன்பெஞ்சில் அத்தை, அவர் வீட்டுக்காரரோடு. மாமா முன்பு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டினார். இப்போது ஏ.டி.எம். வாட்ச்மேன்.

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம். சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதில் ஓட்டியபடி வாசலில் நின்றேன். அத்தையே வந்தார். காலனியில் அவர் வேறு ஆள். குரலே வேறு.

"இன்னா ஜோசப்பு, பேயறஞ்ச மாரி நிக்கற? உங்கம்மா சோறு போடறாளா இல்லியா?"

"ஒண்ணுமில்ல அத்த."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு வாயில சொரண்டிகினு போனியே, இன்னா வந்துச்சு?"

அவரே கேட்டுவிட்டார். கதவு அகலத் திறந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நல்லா கீது அத்த. நார்மல்."

"மெய்யாலுமா?"

"ஆமா அத்த."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார். பிறகு மாமாவைப் பார்த்துக் கூவினார்: "யோவ், வா, கறிக்கடை மூடிடப் போறான்!"

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். கன்னத்தில் அவர் கைச்சூடு. சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர். செருப்பு வார் மறுபடி அறுந்தது.

லேபில் இன்று நான் செய்த தவறுகள்: ஒரே டியூபில் இரண்டு செல், மூன்று தடவை. பெட்டிகளைத் திருப்பி வைத்தது. காவ்யா, "லவ் ஃபெயிலியரா?" என்றாள். இதை லவ் ஃபெயிலியர் என்று நினைக்கும் அளவுக்கு நல்ல வாழ்க்கை அவளுக்கு. இது அநியாயமான வாக்கியம், தெரியும். அப்படியே இருக்கட்டும்.

மேடம் சொன்னபடி சி-17 வரிசையில் சராசரியை ஏற்றினேன். நாற்பது செல் ஒரே எண்ணாகச் சுருங்கியது. பக்கத்து எண்களுக்கு நடுவில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. பார்க்க அழகாகவே இருந்தது.

மாலை அம்மா சொன்னாள்: "ஸ்டெல்லா நேத்து கறி ஆக்கி எல்லாருக்கும் குடுத்தனுச்சா. அவ மட்டும் ஒரு வாய் வெச்சிட்டு எழுந்துட்டாளாம். எரியுதாம். ஆனா மூஞ்சியில ஒரே சிரிப்பு."

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீஸர் பக்கம் திரும்பியதையும். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் வைக்கிறவள். கேட்டுக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ பொறந்தப்ப எனுக்கு காச்சல். பத்து நாளு உன்ன குளிப்பாட்டினது அவதான்" என்றாள். அடுத்த பட்டனுக்கு நூல் கோத்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

அத்தைக்கு மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். வயிற்றுவலி என்று சொல்லிக் கிளம்பினேன். இன்னொரு பொய், சின்னது. ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் பிடித்தேன்.

"அத்த."

அவர் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். "ஏன்டா ரோட்ல கூப்புடற? உங்காளுங்க எவனாச்சும் வந்துடப் போறான்."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே எனக்காகப் பயந்தார். அங்கேயே நான் செத்தேன்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய் என்று.

"அப்ப இன்னா, கேன்சரா?"

"தெரியாது அத்த. அந்த மெஷின் அத சொல்லாது. சில செல்லு மட்டும் வேற மாரி கீது, அவ்ளோதான். டாக்டர் பாக்கணும். வாயில வெள்ளையா ஒண்ணு கீது, சோத்தாங்கைப் பக்கம். உனுக்குத் தெரியுமா?"

"என் வாயிடா. எனுக்குத் தெரியாம? நாக்கால தடவிப் பாத்துகினுதான் கீறேன், நாலு மாசமா."

"அப்ப அன்னிக்கு ஏன் போயல போடறதில்லன்னு சொன்ன?"

"நீ ஏன் எய்துன?"

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. போனது.

"சூப்பர்வைசரு பின்னாடியே நிக்கறான். போயல போடறவ செவுத்துல துப்புவா, வேணாம்னு போன மாசம்தான் ரெண்டு பேர நிறுத்தினான். அதான் இல்லன்னேன். நீ தலைய குனிஞ்சிகினு பேனாவப் புடிச்சிகினு நிக்கற. ஆளு கொறையுது கொறையுதுன்னு அந்தப் பொண்ணு வேற சொல்லிகினு கீறா. சரி, நம்ம புள்ளைக்குத்தான் ஆவுது போலன்னு நெனச்சேன். தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா அங்க நின்ன. தப்புன்னா நீயே சொல்லியிருப்பன்னு பாத்தேன்."

"லேப்ல என்ன தெரியாத மாரி போற. அதுக்கு ஒரு நாளாச்சும் கேட்டனா? பட்ச்ச புள்ள, அதுக்கு இன்னா கஷ்டமோன்னு உட்டேன். ஆனா கோயில் வாசல்ல நின்னுகினு, நான் கேட்டுகூட, நார்மல்னு சொன்ன பாரு. கறி எடுத்து ஆக்கினேன்டா நானு! தெருவுக்கே குடுத்தேன். சோமாறி."

அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தையே பார்த்தார்.

"எங்க போணும் இப்ப?"

"நம்ம காலேஜ்லயே பல் ஓ.பி. இருக்கு அத்த. நாளைக்கு. நான் இட்டுகினு போறேன்."

"நீ இட்டுகினு போவியா? எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

"பாக்கட்டுமாம்" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். நானும் ஏறினேன். அம்பத்தூரில் இறங்கும்போது எனக்கும் சேர்த்து அவரே ஆட்டோ காசு கொடுத்தார். தடுக்கப் போன கையைத் தட்டிவிட்டார்.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம். பல் ஓ.பி.யில் எண்பது பேர். எங்கள் டோக்கன் 41.

பயிற்சி டாக்டர், என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். கண்ணாடியை வைத்துப் பார்த்தான்.

"எவ்ளோ வருஷமாம்மா போயல?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "இருவத்தஞ்சு வருஷம் கீது சார்."

"வெள்ளையா இருக்கறதெல்லாம் கேன்சர் இல்லம்மா. ஆனா சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழம எடுத்துடலாம்." என் பக்கம் திரும்பினான். "நீங்க ரிசர்ச் லேப்தானே? இவங்க?"

"எங்க காலனி. அத்தை முறை."

எழுதிக்கொண்டான். அவ்வளவுதான். கூரை இடியவில்லை. எட்டு மாதமாக எதற்குப் பயந்தேன்?

லேபில் இடிந்தது. மேடம் இருந்தார், காவ்யாவும்.

"மேடம், சி-17ல புகையிலை கட்டத்துல டிக் தப்பு. நான் தெரிஞ்சே போட்டேன்."

"தெரிஞ்சேன்னா?"

"அவங்க எங்க காலனி. சின்ன வயசுல இருந்து தெரியும். வாயில வெள்ளைத் திட்டையும் அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டு வேற பக்கம் எடுத்தேன்."

காவ்யா: "காலனியா? ஏதோ நகர்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

அவள் கண்ணில் ஒன்று மாறியதை நான் பார்த்தேன். அல்லது பார்க்க வேண்டும் என்று காத்திருந்ததால் பார்த்தேனா? தெரியவில்லை. பிறகு அவள் மெதுவாக, "நான்கூட அந்த ஆயாம்மா பேர் கேட்டதில்ல" என்றாள். அது மன்னிப்பா, தகவலா?

மேடம் சி-17 படிவத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு கணக்காகப் பேசினார். படிவத்தில் பொய் எழுதியது நான். அது என் பெயரில்தான் கமிட்டிக்குப் போகும். என் வேலையை நீட்டிப்பது பற்றி இனிமேல் அவரால் எதுவும் உறுதி சொல்ல முடியாது. சரி என்றேன்.

"நாப்பது செல் டேட்டா. நல்ல டேட்டா. வீணாக்க வேணாம். புகையிலை போடறவங்கன்னு தனி குரூப் வெச்சு அதுல சேத்துக்கலாம். புது ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

"வரிசைல நிறுத்தியா மேடம்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டதற்கு வருத்தமும் இல்லை. இனி வேலை போனாலும் போகலாம்.

ஜூலை 17, வியாழன்

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம், காலை முதல் மாலை வரை. எட்டு மாதமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த தாளை இன்றுதான் முழுதாகப் படிக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். இதை யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. இருபது பேரில் ஒருவருக்குக்கூட.

அம்மாவின் கண் மருந்து வாங்கியாயிற்று.

ஜூலை 18, வெள்ளி

வெயில் திரும்பிவிட்டது. அத்தை ஒன்பதரைக்கு உள்ளே போனார். பத்தேகாலுக்கு வெளியே வந்தார். கன்னத்தில் பஞ்சு, இரண்டு தையல். மாமா வந்திருந்தார், வாட்ச்மேன் சட்டையோடு. முடிவு அடுத்த வெள்ளி. சூப்பர்வைசர் அரை நாள்தான் கொடுத்திருக்கிறார். மதியம் வேலைக்கு வந்தாக வேண்டும், வாயில் தையலோடு. நானும் போய்க் கேட்டேன். "ஆள் வேணும்னா நாளைக்கே வேற ஆள் வரும் தம்பி" என்றார்.

ஓ.பி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைப் படித்துக் காட்டினேன். எல்லா வரியும். பக்கத்தில் காத்திருந்த இரண்டு பெண்களும் காது கொடுத்தார்கள். ஒருத்தி, "இன்னா தம்பி, லோனா?" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் அத்தை கையைத் தூக்கி நிறுத்தினார். பஞ்சுக்கு நடுவில் வார்த்தைகள் குழறின.

"இதுல எனுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல அத்த. டாக்டர் பாக்கறது தனி. அது எப்டியும் நடக்கும். இது எங்க ஆராய்ச்சிக்கு."

"போட்டுத்தான் ஆவணுமா?"

"வேணாம். இஷ்டமில்லன்னா உன் வாயில எடுத்தது எல்லாத்தையும் அழிச்சிடணும்."

"அன்னிக்கு இத சொல்லவேயில்லியே. வேணாம்னு சொல்லலாம்னு."

"சொல்லல."

பேனா அவர் கையில் இருந்தது. மூடியைத் திருகி மூடினார். என் சட்டைப் பையில் செருகினார்.

"அப்ப வேணாம்."

மாமா ஏதோ சொல்ல வந்தார். "புள்ள வேல போயிடப் போவுது ஸ்டெல்லா..."

"போனா வேற பாத்துப்பான். பட்ச்சிருக்கான் இல்ல?"

மேடத்திடம் சொன்னேன். "எடுத்துச் சொல்ல முடியலையா?" என்றார். எடுத்துச் சொன்னதால்தான் இது என்றேன். ரிப்போர்ட்டில் கன்ட்ரோல் எண்ணிக்கையை மாற்றினேன்: பத்தொன்பது. மற்ற பத்தொன்பது பேருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு பாக்கி. நாற்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்தி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், சி-18. நாளை அவளிடமிருந்து ஆரம்பம்.

எண்ணிப் பார்த்தேன். அவள் போக இன்னும் பதினெட்டுப் பேர். சரி.

ஃப்ரீஸரைத் திறந்து சி-17 பெட்டியை எடுத்தேன். நாற்பது டியூப், மிச்சச் செல் இருந்த சின்னக் குப்பி ஒன்று. எல்லாவற்றிலும் ப்ளீச் விட்டேன். மஞ்சள் பையில் போட்டேன். ஆஸ்பத்திரிக் கழிவுக்கு மஞ்சள் பை. மதியச் சுற்றில் அதை எடுத்துப் போவது யார் என்பது பையைக் கட்டப் போகும்போதுதான் உறைத்தது.

நானே கொண்டுபோகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் அத்தையின் குப்பை வண்டி கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. காவ்யா எழுந்து நின்றாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுலதான் அத்த" என்றேன். லேபில், எல்லோர் முன்னாலும்.

அவர் பையை வாங்கி உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். ஒருமுறை குலுக்கினார். டியூபுகள் லேசாகக் கலகலத்தன.

"இத்தினிகாண்டுதானா?"

முடிச்சுப் போட்டு, வண்டியில் வைத்து, அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.